அறுபத்து நாலில் நீர்ச்சறுக்கு

(அக்டோபர் மாதம் நம் சமுதாயக் கூடத்தில் நடந்த மூத்த குடிமக்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியாகிறது.)



வழக்கமாக இந்தச் சந்திப்பில் முழங்கால் வலி, உயில் எழுதுவது எப்படி, வைப்புநிதி வட்டிக்கு வரி என்று பேசுவோம். போன தடவை நானே டெபாசிட் வட்டியைப் பற்றித்தான் பேசினேன். பாதிப் பேர் தூங்கினீர்கள். அதனால்தானோ என்னவோ, செயலாளர் இந்த முறை, "சார், நீங்க இலங்கைக்குப் போய் தண்ணியில சறுக்கிட்டு வந்தீங்களாமே, அதைப் பேசுங்க" என்றார். லிஃப்ட்டிலும் காய்கறி வண்டி பக்கத்திலும் பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்லி முடித்த கதைதான். ஒரே இடத்தில் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிடும் என்று ஒப்புக்கொண்டேன்.

முதலில், இது என்ன விளையாட்டு? ஒரு விசைப்படகு. அதன் பின்னால் சுமார் 23 மீட்டர் நீளமுள்ள கயிறு. கயிற்றின் நுனியில் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு, காலில் இரண்டு நீளமான பலகைகளை மாட்டிக்கொண்டு நாம் தண்ணீரில் இருப்போம். படகு வேகம் எடுக்கும்போது நாம் தண்ணீருக்கு மேலே எழுந்து நின்று, சறுக்கிக்கொண்டு போக வேண்டும். பலகைக்கு ஸ்கீ என்று பெயர். புதிதாகக் கற்கும் பெரியவர்களுக்குப் படகு மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும். நம் சி.டி.எச். சாலையில் காலை எட்டு மணிக்கு நாம் போகும் வேகத்தைவிட அதிகம்தான்.

தண்ணீர் எப்படி ஆளைத் தாங்கும் என்று கேட்பீர்கள். நான் படித்தது பி.காம்., இயற்பியல் இல்லை. ஆனால் சின்ன வயதில் நாம் எல்லோரும் ஏரிக்கரையில் ஓட்டுச் சில்லு எறிந்திருக்கிறோம். தட்டையான சில்லைத் தண்ணீர்மேல் படிகிற மாதிரி வேகமாக வீசினால் தத்தித் தத்திப் போகும். மெதுவாகப் போட்டால் 'டொப்' என்று முழுகிவிடும். அதேதான். வேகம் இருக்கும்வரை தண்ணீர் பலகையை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வேகம் போனால் நாமும் உள்ளே போவோம்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் பெப்பின் ஏரி என்று ஒன்று. 1922-இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன், பனியில் சறுக்குவது போலத் தண்ணீரிலும் சறுக்க முடியுமே என்று யோசித்தான். முதலில் மரப்பீப்பாயின் வளைந்த சட்டங்களைக் காலில் கட்டிப் பார்த்தான். முழுகினான். பனிச்சறுக்குப் பலகையைக் கட்டிப் பார்த்தான். அதுவும் முழுகியது. பிறகு மரக்கடையில் பலகை வாங்கி, எட்டு அடி நீளம், ஒன்பது அங்குல அகலத்துக்கு அறுத்து, முன்நுனியை வெந்நீரில் வேகவைத்து வளைத்தான். அம்மா துணி வேகவைக்கும் பாத்திரம் அதற்குப் பயன்பட்டதாம். அண்ணன் படகு ஓட்ட, நாள்கணக்கில் விழுந்து விழுந்து எழுந்தான். ஜூலை 2-ஆம் தேதி நின்றுவிட்டான். மறுநாள் அவனுக்கு 19-ஆவது பிறந்தநாள்.

அவன் நின்றதற்குக் காரணம் பலகை மட்டும் இல்லை. அதுவரை பலகையின் நுனி தண்ணீருக்கு உள்ளேயோ தண்ணீர் மட்டத்திலோ இருக்கும்படி வைத்துக்கொண்டு முயன்றான். அன்றைக்கு நுனி தண்ணீருக்கு வெளியே தெரியும்படி, உடம்பைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்தான். அவ்வளவுதான். நூறு வருடம் கழித்து எனக்குச் சொல்லிக்கொடுத்த பையனும் முதலில் சொன்னது இதைத்தான்.

சாமுவேல்சன் தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1925-இல் ஃப்ரெட் வாலர் என்ற வேறொருவர் எடுத்துவிட்டார். பிற்பாடு சினிராமா என்ற அகலத்திரை சினிமாவைக் கண்டுபிடித்தவரும் அதே வாலர்தான். சாமுவேல்சனைப் பல வருடங்கள் யாருக்கும் தெரியாது. 1966-இல்தான் அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் அவரை முதல் ஆளாக அங்கீகரித்தது. எந்த வேலை செய்தாலும் ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று வங்கியில் நான் சொன்னபோது வாடிக்கையாளர்கள் கோபப்பட்டார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டேனே.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் பிளேர் என்று ஒரு அமெரிக்கர். எப்போதும் மஞ்சள் உடையில் இருப்பதால் 'பனானா ஜார்ஜ்' என்று பெயர். அவர் நீர்ச்சறுக்கைக் கற்றது 40 வயதில். பலகையே இல்லாமல் வெறுங்காலில் சறுக்கக் கற்றது 46-இல். ஏழு கண்டங்களிலும் வெறுங்காலில் சறுக்கியிருக்கிறார், அண்டார்க்டிகாவையும் சேர்த்து. 90 வயதைத் தாண்டியும் சறுக்கியவர், 2013-இல் 98 வயதில் காலமானார். அவரைப் போல ஆகுங்கள் என்று சொல்ல வரவில்லை. வெறுங்காலில் நடந்தாலே நமக்குக் குதிகால் வலிக்கிறது. நாற்பதுக்கு மேலும் உடம்பு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளும் என்பதற்காகச் சொன்னேன்.

சரி, அம்பத்தூர் பக்கத்தில் 30 வருடமாகக் குடியிருக்கிற ஒரு வங்கிக் குமாஸ்தாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நம் பகுதியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் தண்ணீர். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடிக்குப் போனால் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம், வடக்கே புழல். இத்தனை ஏரிகளுக்கு நடுவே இருக்கும் நமக்குத் தண்ணீரோடு இருக்கிற உறவு இரண்டே வகை. ஒன்று, மே மாதம் லாரியை எதிர்பார்ப்பது. இன்னொன்று, டிசம்பர் மாதம் செய்தியில் "செம்பரம்பாக்கம் எத்தனை அடி" என்று பார்ப்பது. அதன் முழு ஆழம் 24 அடி என்பது நம் குடியிருப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 2015 டிசம்பரையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் நாம்.

2015-இல் நான் வேறு ஒரு குடியிருப்பில், முதல் மாடியில் இருந்தேன். கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். மீட்க வந்தவர்கள் படகைக் கொண்டுவந்து மாடிப்படிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். படிக்கும் படகுக்கும் நடுவே நாலடி தூரம்கூட இல்லை. என் அம்மாவுக்கு அப்போது 81 வயது. கிராமத்தில் கிணற்றில் குதித்து வளர்ந்தவள். பெட்டி ஏறுகிற மாதிரிச் சாதாரணமாகப் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு 54 வயது. கைப்பிடிச் சுவரை விட முடியவில்லை. இரண்டு பையன்கள் என்னை அக்குளில் பிடித்துத் தூக்கிப் போட்டார்கள். வெள்ளத்தில் யாரும் நீந்தப் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. ஆனால் தண்ணீரைப் பார்த்தாலே உடம்பு கட்டையாகிப் போனால், உதவ வருகிறவர்களுக்கும் நாம் பாரம். அது மனதில் இருந்துகொண்டே இருந்தது.

என் மகள் குடும்பம் இப்போது கொழும்பில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு அங்கே வேலை. போன வருடம் பேத்தி கைபேசியில் ஒரு படம் காட்டினாள். ஆற்றில் ஒருவர் கயிற்றைப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு போகிறார். "தாத்தா, இது பெந்தோட்டை. கொழும்பிலிருந்து 60 கிலோமீட்டர்தான். நீங்க வந்தா போலாமா?" என்றாள். நான் விளையாட்டுக்குத் தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த என் வீட்டம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "போறதா இருந்தா மூணு விஷயம். முதல்ல நீச்சல் கத்துக்கணும். டாக்டர் சரின்னு எழுதித் தரணும். இன்ஷூரன்ஸ் பேப்பரை நான் படிக்கணும்" என்றாள். எந்த வங்கி மேலாளரும் கடனுக்கு இவ்வளவு தெளிவாக நிபந்தனை போட்டதில்லை.

இந்த மூன்றையும்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

முதலாவது நீச்சல். நம் குடியிருப்புக் குளத்திலேயே கற்றேன். மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிற பயிற்சியாளரிடம் கேட்டேன். "வாங்க அங்கிள், பிள்ளைகளோட சேர்ந்து நில்லுங்க" என்றார். ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நான் ஒருவன். முதல் வாரம் முழுக்க ஒரே பாடம்தான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, மூச்சை வாயால் குமிழியாக விடுவது. இரண்டாவது வாரம் கையைக் காலை விரித்து மல்லாந்து மிதப்பது. அன்றைக்குத்தான் எனக்குப் பாதிப் பயம் போனது. தண்ணீர் நம்மை உள்ளே இழுப்பதில்லை, நாம் உதறுவதால்தான் உள்ளே போகிறோம் என்பது உடம்புக்குப் புரிந்துவிட்டது. நாலு மாதத்தில் குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிற்காமல் போனேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். பி பிளாக் பையன் ஒருவன், "தாத்தா, நீங்க லாஸ்ட்டு" என்றும் சொன்னான்.

நீர்ச்சறுக்கில் எப்படியும் லைஃப் ஜாக்கெட் போடுவார்களே, நீச்சல் எதற்கு என்று கேட்கலாம். ஜாக்கெட் நம்மை மிதக்க வைக்கும். பதறாமல் இருக்க வைக்காது. விழுந்தபிறகு படகு சுற்றி வரும்வரை ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் நாம் ஆற்று நடுவில் தனியாக மிதக்க வேண்டும். காதிலும் மூக்கிலும் தண்ணீர் போயிருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் நாலு மாத நீச்சல்.

இரண்டாவது மருத்துவர். ரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி., நடைப் பட்டையில் ஓடவிட்டு இதயப் பரிசோதனை, முழங்கால், முதுகு எல்லாம் பார்த்தார். கண்புரை அறுவைச் சிகிச்சை சமீபத்தில் செய்திருந்தால், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால், எலும்புத் தேய்மானம் இருந்தால், தோள்பட்டை முன்னால் நழுவியிருந்தால் இந்தப் பக்கமே வரக்கூடாது என்றார். தண்ணீர் மெத்தென்று இருக்கும் என்று நினைக்கிறோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் விழும்போது அது அப்படி இருக்காது. எனக்குச் சர்க்கரை மாத்திரையோடு கட்டுக்குள் இருந்தது, மற்றதெல்லாம் சரி. மூன்று மாதம் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும், தொடைப் பின்தசையை இழுத்து நீட்டும் பயிற்சியும் செய்யச் சொன்னார்.

மூன்றாவது காப்பீடு. பல பயணக் காப்பீட்டுத் திட்டங்களில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு இருக்கும். தனியாகச் சேர்த்துக் கேட்டால்தான் உண்டு. 36 வருடம் சின்ன எழுத்துகளைப் படித்தே சம்பளம் வாங்கியவன் நான். ஆனாலும் அந்த வரியைக் கண்டுபிடித்தது என் வீட்டம்மாதான். வெளியூர் போகிறவர்கள், இந்த விளையாட்டு என்று இல்லை, எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இதை இங்கேயே கற்றுக்கொள்ள முடியாதா என்று சில பேர் கேட்டீர்கள். நம் ஏரிகள் குடிநீருக்கும் பாசனத்துக்கும் பறவைக்கும். அங்கே இதற்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. பருத்திப்பட்டில் படகுச் சவாரி உண்டு, பேரப் பிள்ளைகளோடு போய் வாருங்கள், அதற்கே அழகான ஏரி. கோவளத்தில் வேறு விளையாட்டு இருக்கிறது, அலைச்சறுக்கு. அங்கே மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த மூர்த்தி மேகவன் முன்னின்று 2012-இல் தொடங்கிய பள்ளியில் மீனவப் பிள்ளைகள் பலர் கற்றுப் போட்டிகளுக்குப் போகிறார்கள். 2025 ஆகஸ்ட் மாதம் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. ஆனால் அலைச்சறுக்குக்கு அலை வேண்டும். நீர்ச்சறுக்குக்கு அலை இல்லாத, அகலமான, அமைதியான தண்ணீர் வேண்டும்.

பெந்தோட்டை அதற்கு ஏற்ற இடம். அங்கே ஆறு நேராகக் கடலில் போய் விழாமல், மணல்திட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் கடலுக்கு இணையாக ஓடிவிட்டுச் சேர்கிறது. ஒரு பக்கம் கடல் இரைகிறது, இந்தப் பக்கம் ஆறு அமைதியாக இருக்கிறது. கரையெல்லாம் தென்னை. கொழும்பிலிருந்து கடலோர ரயிலில் அளுத்கம வரை போனால் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் பெந்தோட்டை. போன பிப்ரவரியில் போனோம்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்தில் பேருவளையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் இளைஞர். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள். 'சார்' என்பதை 'சேர்' என்பார்கள். முதல் முக்கால் மணி நேரம் அவர் என்னைத் தண்ணீரிலேயே இறக்கவில்லை. மணலில் உட்காரவைத்தார். முழங்காலை மார்பு வரை மடக்கச் சொன்னார். கைகளை நீட்டிக் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னார். கயிற்றின் மறுமுனையை அவர் இழுத்தார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். உடனே விட்டுவிட்டார்.

"நீங்க எழும்ப வேணாம் சேர். போட் எழுப்பும். கைய மடக்காதீங்க. உட்கார்ந்தே இருங்க" என்றார்.

இந்த விளையாட்டின் முழுப் பாடமும் இதுதான். கேட்க எளிது. உடம்பு கேட்காது. எந்தக் கயிற்றை யார் இழுத்தாலும் நாம் பதிலுக்கு இழுப்போம். பஸ் கிளம்பும்போது கம்பியை இறுக்கிப் பிடித்து நம் பக்கம் இழுப்பதில்லையா, அந்தப் பழக்கம். தண்ணீரில் அப்படிக் கையை மடக்கி இழுத்தால் ஒரு நொடி கயிறு தளர்ந்துவிடும். தளர்ந்த மறுநொடி மல்லாந்து விழுவோம். இன்னொன்று, படகு நகர்ந்ததும் நின்றுவிடத் தோன்றும். காலைச் சீக்கிரம் நீட்டினால், பலகை தண்ணீரைத் தள்ளும் தடுப்பாக மாறிவிடும். கயிறு கையைப் பிடுங்கிக்கொண்டு போகும், இல்லாவிட்டால் முகம் குப்புற விழுவோம். கையும் நீளமாக, காலும் மடங்கியபடி, முதுகு நேராக, பார்வை படகின்மேல். தண்ணீர் பலகைக்கு அடியில் வந்து தள்ளும்வரை காத்திருக்க வேண்டும். வந்தபிறகு நாற்காலியிலிருந்து எழுவது போல மெதுவாக எழ வேண்டும். மருத்துவர் சொன்ன நாற்காலிப் பயிற்சி எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு சைகைகள். படகுச் சத்தத்தில் பேச்சு கேட்காது. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு. கீழே என்றால் குறை. தலையில் தட்டினால் கரைக்குத் திரும்பு. கழுத்தில் குறுக்கே கை காட்டினால் நிறுத்து. விழுந்தபிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டினால் நான் நலம். படகில் ஓட்டுபவர் ஒருவர், பின்பக்கம் திரும்பி நம்மையே பார்த்துக்கொண்டிருப்பவர் ஒருவர், ஆக இரண்டு பேர் இருக்க வேண்டும். ஓட்டுபவர் மட்டும் இருக்கும் படகில் யாரும் போகாதீர்கள். ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டியபிறகு, தோள்பட்டையைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

தண்ணீரில் இறங்கியதும் முதல் ஆச்சரியம், பலகை மாட்டிய காலை நம் விருப்பத்துக்கு அசைக்க முடியாது. இரண்டும் இரண்டு பக்கம் போகும். இளைஞர் கூடவே தண்ணீரில் நின்று நேராகப் பிடித்துக்கொண்டார். பலகை நுனிகள் இரண்டும் வெளியே தெரிய, நடுவில் கயிறு. நான் தயார் என்றதும் படகு மெதுவாகக் கயிற்றை இறுக்கி, பிறகு உறுமியது.

முதல் முறை கைப்பிடி போய்விட்டது. இரண்டாவது முறை மல்லாந்தேன். மூன்றாவது முறை கால்கள் கத்திரிக்கோல் மாதிரி விரிந்தன. விழும்போது கயிற்றை விட்டுவிட வேண்டும், அது முக்கியம். விடாமல் பிடித்தால் படகு நம்மைத் தண்ணீருக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போகும். நான்காவது முறை ஆற்றில் பாதியைக் குடித்தேன். எனக்கு முன்னால் போன 20 வயதுப் பையன் ஒருவனும் ஏழு தடவை விழுந்தான் என்று பேத்தி கரையிலிருந்து கணக்குச் சொன்னாள். அதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஐந்தாவது முறைக்கு முன்னால் இளைஞர், "சேர், இப்ப ஒண்ணும் செய்யாதீங்க. சும்மா இருங்க" என்றார். வங்கியில் என்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை. சும்மா இருந்தேன். தண்ணீர் மார்பில் மோதியது. முகத்தில் சாரல் அடித்தது. கண்ணை மூடாமல் படகையே பார்த்தேன். முழங்கைக்கு இழுக்கத் தோன்றியது, நீட்டியே வைத்தேன். திடீரென்று அந்தப் பாரம் முழுவதும் போய்விட்டது. தண்ணீர் கெட்டியாகிவிட்டது போல் இருந்தது. கீழே பார்த்தால் தண்ணீர் முழங்காலில் இல்லை, பாதத்துக்குக் கீழே இருக்கிறது. பலகை 'தடதட'வென்று ஆடுகிறது, மண் சாலையில் சைக்கிள் ஓட்டுவது மாதிரி. பேத்தி எண்ணினாள். 17 வரை எண்ணுவதற்குள் விழுந்துவிட்டேன். 17 விநாடி. மறுநாள் ஒருமுறை ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றேன். அவ்வளவுதான் என் சாதனை.

மல்லாந்து மிதந்துகொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டினேன். படகு சுற்றி வரும்வரை மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆற்றில், என் காலுக்கு எட்டாத ஆழத்தில், எந்தப் பதற்றமும் இல்லாமல் இருந்தேன். 17 விநாடி நின்றதைவிட, அந்த ஒரு நிமிடம் மிதந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் முன்கைத் தசை வலித்து, காபி டம்ளர் கையில் ஆடியது. தொடை ஒரு வாரம் பேசியது. படகுக் கட்டணம் நிமிடக் கணக்கில் வாங்குவார்கள். விழுந்து எழும் நேரமும் அதில் சேரும். முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வயது இதில் தடையா, உதவியா? இரண்டும்தான். விழுந்தால் அடி சீக்கிரம் ஆறாது, தசை சீக்கிரம் களைக்கும். அதனால் ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டேன். ஆனால் பலத்தால் சாதிக்கிற விளையாட்டாக இது ஆரம்பத்தில் இல்லை. பலம் அதிகம் உள்ள பையன்கள்தான் கயிற்றோடு மல்லுக்கு நின்று அதிகம் விழுகிறார்கள். சொன்னதைக் கேட்டுப் பொறுத்திருப்பது நமக்கு வரும். 36 வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்து, கோபமாக வருகிறவரிடம் கையை மடக்காமல் பேசியிருக்கிறோம் இல்லையா.

இப்போது உண்மையில் நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். யாரையும் பெந்தோட்டைக்கு அழைத்துப் போக நான் வரவில்லை. ஒரு சின்னக் கணக்கெடுப்பு. இந்த அரங்கில் நீச்சல் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்.

(ஒன்பது பேர் கை தூக்கினார்கள். கூட்டத்தில் ஏறத்தாழ எழுபது பேர் இருந்தோம்.)

ஒன்பது. அதில் ஆறு பேர் கிராமத்துக் கிணற்றில் கற்றவர்கள், எனக்குத் தெரியும். பெண்களில் இரண்டு கைதான். நம் குடியிருப்பில் நீச்சல் குளம் இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு மாதமும் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம். ரசீதில் தனி வரியாகவே வருகிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. பெண்களுக்குத் தனி நேரம் இல்லை. வரவே இல்லாத செலவுக் கணக்கு என்று இதைத்தான் சொல்வோம்.

இதில் நம் முதுகுவலி மட்டும் சம்பந்தப்பட்டதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு நம்மைப் போன்ற நாடுகளில். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நம் பக்கத்து ஏரியிலோ, கல்குவாரிக் குட்டையிலோ குளிக்கப் போன மாணவர்கள் என்று செய்தி படிக்கிறோம். "பெத்தவங்க கவனிக்கலையா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறோம். ஒருவனைக் காப்பாற்ற இறங்கி, நீச்சல் தெரியாத இன்னொருவனும் போவதுதான் அந்தச் செய்திகளில் அடிக்கடி வருவது. பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது இரண்டு. தானாக மிதக்கத் தெரிய வேண்டும். மூழ்குகிறவனுக்குக் கையை நீட்டாமல் கயிறோ கம்போ துப்பட்டாவோ வீச வேண்டும் என்று தெரிய வேண்டும். இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க, தாத்தா பாட்டிக்கும் தண்ணீரைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை, நமக்குத் தெரியாமல்தான் போகிறது.

ஆகவே செயற்குழுவுக்கு நாலு கோரிக்கை. எழுத்தில் தருகிறேன், பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்று, சனி, ஞாயிறு காலை 6 முதல் 7 வரை 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. இரண்டு, வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம், பெண் பயிற்சியாளரோடு. மூன்று, குளத்தோரம் மிதவை வளையமும் நீளமான மீட்புக் கம்பும், குளம் திறந்திருக்கும் நேரமெல்லாம் நீச்சல் தெரிந்த ஒரு ஆளும். நான்கு, ஏப்ரல் மாதம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு வார வகுப்பு, நம் காவலாளிகள், வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளையும் சேர்த்து. ஏரிக்கரையில் குடியிருப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் பிள்ளைகளுக்குத்தான் இது முதலில் தேவை.

பயிற்சியாளர் கட்டணத்தைச் சேருகிறவர்கள் பிரித்துக்கொள்ளலாம். 12 பேர் சேர்ந்தால் சங்கத்துக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவு இல்லாமல் முடியும், கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மருத்துவரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சேர விரும்புகிறவர்களுக்கு வாசல் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பெயர் என் வீட்டம்மாவுடையது. நான் எழுதவில்லை, அவளே எழுதினாள்.

வெளியே சுண்டலும் காபியும் தயார். போகிற வழியில்தான் நோட்டு இருக்கிறது.

(பின்குறிப்பு: இதழ் வெளியாகும் நாள் வரை நோட்டில் 23 பெயர்கள் சேர்ந்துள்ளன. கோரிக்கைகள் அடுத்த செயற்குழுக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றுள்ளன.)